கன்னுக்குட்டியே இல்ல!

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எந்தக் கதையைக் கொடுத்து ‘மையக்கருத்து என்ன?’ என்று கேட்டாலும் பிள்ளைகள் ஏதாவது ஒரு நல்லொழுக்கத்தை எழுதிவிடுகிறார்கள். போன வாரம் மனுநீதிச் சோழன் கதை. நாற்பது நோட்டிலும் ‘நீதி தவறக் கூடாது’. தப்பென்று அடிக்கவும் முடியவில்லை. கதைக்குள் போய்க் கருத்தைக் கண்டெடுக்க எப்படிப் பழக்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

அந்த விடையைக் கதையைப் படிக்காமலேயே எழுதலாம். சிக்கல் அதுதான். ‘மையக்கருத்து’ என்றதுமே பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியாதா? பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடம் வரை அந்தச் சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

சோழன் கதையையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் அது மொத்தம் மூன்று வரி:

வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இதைப் பலகையில் எழுதிப் போட்டேன். சொற்பொருள் மட்டும் சொன்னேன். முதல் கடைமணி அரண்மனை வாசலில் தொங்குவது, இரண்டாவது பசுவின் கண்ணோரம். உகுநீர், வழிகிற கண்ணீர். ஆழி, தேர்ச்சக்கரம். பிறகு ஒரே கேள்வி: நமக்குத் தெரிந்த கதையில் எது இதில் இல்லை?

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பெண், “சார், கன்னுக்குட்டியே இல்ல!” என்றாள். ஆமாம், செத்த கன்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அழுகிற தாய் மட்டும்தான். அடுத்து ‘நெஞ்சுசுட’வில் ஒருவன் நின்றான். “அழுதது மாடு. சுட்டது ராஜாவுக்கா?”

இதைச் சொல்வது யார் என்று அப்போதுதான் சொன்னேன். கண்ணகி, பாண்டியன் முன்னால். அதற்குச் சற்று முன் அவன் அவளை ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்’ என்று விளித்து, யார் நீ என்று கேட்கிறான். கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டான், இன்னும் சுடவில்லை. அவளோ தன் ஊரைச் சொல்கிற சாக்கில் ஒரு மாட்டின் கண்ணீரை அவன் முன் வைக்கிறாள். இரண்டு கண்ணீரையும் கோடு போட்டு இணைத்தது பிள்ளைகள்தான், சாக்பீஸ் மட்டும் என்னுடையது.

பெரியபுராணத்தில் இதே கதை திருவாரூரின் பெருமையாக வருகிறது. கன்றும், இளவரசனும், உயிரை விட்ட அமைச்சரும் இறைவன் அருளால் எழுந்துவிடுகிறார்கள். கண்ணகி சொல்லும்போது யாரும் எழுவதில்லை. ‘நீதி தவறக் கூடாது’ இரண்டுக்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்துக் காட்ட உதவாது.

என்ன சொன்னாலும் சரியா என்று கேட்பீர்கள். இல்லை. ‘எந்தச் சொல்லில் இருக்கிறது, காட்டு’ என்பேன். ஒருவன் மிருகங்களிடம் அன்பு என்றான், ‘ஆவின்’ என்று தொட்டும் காட்டினான். “சரி, மாட்டுக்கு ராஜா என்ன செய்தார்?” என்றதும் யோசித்துவிட்டு அவனே வாபஸ் வாங்கிக்கொண்டான். இன்னொருவன், “அரும்பெறல்னு அப்பாவுக்குத்தான் இருக்கு. அந்த அண்ணன் என்ன நினைச்சான்னு எங்கயுமே இல்லையே” என்றான். அதை ஏற்றுக்கொண்டேன். எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

பரீட்சையில் நோட்ஸ் விடையையே எழுதட்டும், மதிப்பெண் ஏன் போகவேண்டும்? வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். செய்யுள் என்றால் நாலைந்து வரி, உரைநடை என்றால் ஒரு பத்தி, அதற்கு மேல் வேண்டாம். உற்சாகத்தில் ஒரு முழுச் சிறுகதையை இப்படி வரிவரியாகப் பிழிந்தேன். மூன்றாம் நாள் பாதிப் பேர் வரவில்லை.

அன்புடன்