லுக் பெடலின் பூர்வீகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோடு சைக்கிளுக்கு லுக் பெடல் வாங்கலாம் என்று பார்த்தேன். விளம்பரம் முழுக்க பாரம்பரியம் என்று ஒரே பாட்டு. ஒரு பெடலில் அப்படி என்ன பாரம்பரியம்? காசு பிடுங்கச் சொல்லும் கதைதானே?

ம.

அன்புள்ள ம.,

கதைக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள், சரி. ஆனால் பெடலைப் பொறுத்தவரை கதை உண்மை.

லுக், சைக்கிளில் தொடங்கிய நிறுவனமே அல்ல. 1951-இல் பிரான்சின் நெவேர் நகரில் ழான் பெய்ல் தொடங்கியபோது அங்கே செய்தது பனிச்சறுக்குப் பலகையோடு காலணியைப் பிணைக்கும் பூட்டு. சறுக்குபவர் விழுந்து கால் முறுக்கிக்கொள்ளும்போது அது தானாக விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு முறியும்.

சைக்கிள் பந்தயக்காரர்களோ அப்போது பெடலில் ஒரு கூடு, அதன்மேல் தோல்வார் என்று காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். இறங்க வேண்டுமென்றால் குனிந்து கையால் தளர்த்த வேண்டும். விழுந்தால் சைக்கிளோடு சேர்ந்தே விழ வேண்டியதுதான். இத்தாலிய நிறுவனமான சினெல்லி 1971-இலேயே வார் இல்லாத பெடல் செய்தது. அதிலும் கழற்றக் கை வேண்டும். 1984-இல் லுக் தன் பனிச்சறுக்குப் பூட்டின் யுக்தியைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. ஷூவின் அடியில் மூன்று திருகு போட்டு முடுக்கிய முக்கோணத் துண்டு, அதற்குப் பெயர் கிளீட். அதன் முனையை நுழைத்து மிதித்தால் ‘டக்’கென்று மாட்டும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும்.

அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஐந்தாவது முறை வென்றார். இடையில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். (மூக்கை எந்தப் பெடலும் காப்பாற்றாது.) பிறகு சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவே லுக்கிடம் உரிமம் வாங்கிப் பெடல் செய்தது. இன்றும் ரோடு ஷூவைத் திருப்பிப் பாருங்கள், எந்த நிறுவனமானாலும் பெரும்பாலும் அந்த மூன்று துளைகள் இருக்கும்.

லுக் செய்யும் சைக்கிள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. 1986-இல் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் லுக்கின் கார்பன் இழை ஃப்ரேமில் டூரை வென்றார். கார்பனுக்கு அதுதான் முதல் டூர் வெற்றி. ஆனால் அவருடைய லா வி கிளேர் அணிக்கும் லுக் நிறுவனத்துக்கும் முதலாளி ஒருவரே, பெர்னார் தாப்பி. தன் சரக்கைத் தன் ஆட்களிடம் கொடுத்து ஓட்டவைத்தார். அப்புறம், கார்பன் இன்று எல்லோரும் செய்கிறார்கள்.

பெடல் வாங்குங்கள். பழையதாகக் கிடைத்தால் மட்டும் கவனம்: லுக்கின் பழைய வகையான டெல்டா கிளீட்டும் 2004-இல் வந்த கியோ கிளீட்டும் ஒன்றின் பெடலில் மற்றொன்று பொருந்தாது.