ஒரு லிங்க் உடையுதுன்னு ஜாவா எழுதணுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூர்ல இருந்து எழுதுறேன் சார். ஒரு லைப்ரரிக்கு புத்தகம் தேடுற பக்கம் செஞ்சுட்டு இருக்கோம். தேடல் சோலர்ங்கற தேடல் மென்பொருள்ல ஓடுது, அது கொடுக்கற எக்ஸ்எம்எல்ல எக்ஸ்எஸ்எல்டிங்கற உருமாற்ற மொழிய வச்சு பக்கமா மாத்துறோம். 'சி++ பாடங்கள்'னு ஒரு புத்தகத்தோட லிங்க்க தட்டினா 'சி'ங்கறதோட ++ காணாம போகுது, ராத்திரி ஏத்தின புத்தகத்துக்கு தேதி முந்தின நாளா காட்டுது. டீம் லீட் ஜாவால எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன் (எக்ஸ்எஸ்எல்டிக்கு வெளியில இருந்து சேர்க்கற ஃபங்ஷன்) எழுதுங்கறார். எழுதட்டுமா?

பதில்: அவசரப்படாதம்மா. தமிழ் எழுத்து லிங்க்ல உடையாததுக்கு காரணம், எச்டிஎம்எல் அவுட்புட்னு சொன்னாலே எக்ஸ்எஸ்எல்டி அத தானா %E0 மாதிரி பர்சென்ட் குறியா மாத்திடும், 'தமிழ்'ங்கற ஒரு சொல்லே யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டுல 15 பைட், லிங்க்ல 45 எழுத்தாகும். ஆனா +, #, & இதையெல்லாம் அது தொடாது, லிங்க்ல + வந்தா அந்தப் பக்கம் சர்வர் அத இடைவெளின்னு படிச்சுக்கும். அதான் உங்க சிக்கல்.

1999ல வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்புல இதுக்கு ஃபங்ஷனே கிடையாது, ஜாவாவோட கூட வர்ற பிராசஸர் (எக்ஸ்எஸ்எல்டிய ஓட்டற நிரல்) இன்னமும் அந்த 1.0தான், அதனாலதான் உங்க லீட் அப்படி சொல்றார், அவர் மேல தப்பில்ல. ஆனா 2007ல வந்த 2.0ல 'என்கோட்-ஃபார்-யூஆர்ஐ' இருக்கு, + # எல்லாத்தையும் சரியா மாத்தும். தேதியும் அப்படித்தான். சோலர் யூடிசிங்கற உலகப் பொது நேரத்துலதான் வைக்கும், அங்க 18:40ன்னா நமக்கு மறுநாள் ராத்திரி 12:10. 2.0ல 'அட்ஜஸ்ட்-டேட்டைம்-டு-டைம்சோன்'ல 5 மணி 30 நிமிஷம்னு கொடுத்தா முடிஞ்சுது. சாக்ஸன் எச்இங்கற 2.0 தெரிஞ்ச பிராசஸர் இலவசம், அந்த ஜார் ஃபைல சோலர் பக்கத்துல போட்டு எந்த பிராசஸர்னு சொல்ற டிரான்ஸ்ஃபார்மர் ஃபேக்டரி ப்ராபர்ட்டிய அதுக்கு மாத்துங்க.

நான் ஒரு தடவ ஸேலன்ங்கற இன்னொரு பிராசஸர் பாணியில ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எஸ்எல்டி ஃபைல்) பூரா ஜாவாவ கூப்பிடற வரியா எழுதி வச்சிருந்தேன், அப்புறம் சாக்ஸன் எச்இக்கு மாறினப்போ எல்லாம் ஒரே நாள்ல விழுந்துச்சு, ஏன்னா எச்இல ஜாவா மெத்தட நேம்ஸ்பேஸ் வழியா நேரா கூப்பிட விடமாட்டாங்க, தனியா ஒரு கிளாஸ் எழுதி பதிவு பண்ணணும். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. இன்னொரு பயமும் உண்டு. நேரா கூப்பிட விட்டா ஸ்டைல்ஷீட்ட மாத்த முடியறவங்க யாரா இருந்தாலும் சர்வர்ல என்ன வேணா ஓட்டலாம், அதனாலதான் செக்யூர் பிராசஸிங்ங்கற பாதுகாப்பு அமைப்பு ஆன்ல இருந்தா எக்ஸ்டென்ஷனே ஓடாது. அத தயவுசெஞ்சு ஆஃப் பண்ணிடாதீங்க.

யூனிகோட் இல்லாத டிஸ்கிங்கற பழைய தமிழ்க் குறியீட்டுல இருக்கற தலைப்பையும் இப்படியே காட்டும்போது மாத்திக்கலாம்னு தோணும். வேணாம்மா, பக்கத்துல அழகா தெரியும், ஆனா யூனிகோட்ல தட்டி தேடினா அந்தப் புத்தகம் சிக்காது. அத இண்டெக்ஸ் பண்றதுக்கு (சோலர்ல தேடலுக்கு ஏத்தறதுக்கு) முன்னாடியே மாத்திடுங்க.