கையில் நான்கு கேமரா லென்ஸ் இருக்கிறது. பையில் எந்த இரண்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

கேட்டவரிடம் 10-18, 18-55, 55-250, அப்புறம் 50 எஃப்/1.8 இருக்கிறதாம். இவை மி.மீ.யில் ஃபோகல் லெங்த்: எண் சின்னது என்றால் காட்சி அகலம், பெரியது என்றால் தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். வரிசையைப் பார்த்தாலே கேனான் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா பாடி என்று தெரிகிறது. எதை விற்றாலும் ஃபோகல் லெங்த் வரிசையில் நடுவில் இடைவெளி விழுமே என்பதுதான் உங்கள் கவலையாக இருக்கும். அந்த இடைவெளிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என்னிடமும் கிட்டத்தட்ட இதே செட்தான் இருந்தது. 55-250ஐ விற்றபோது கூடப் படம் எடுக்கும் நண்பர்கள் சும்மா விடவில்லை. "ஐம்பதுக்கு மேல ஒண்ணுமே இல்லாம என்னப்பா பண்ணுவ?" என்றார்கள். அப்புறம் அக்கா மகளின் நடன நிகழ்ச்சி வந்தது. மேடையில் வெளிச்சம் சுமார்தான். பக்கத்தில் நின்ற நண்பர் 55-250ஐ முழுக்க இழுத்து வைத்திருந்தார். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, 6400 வரை ஏற்றியும் எஃப்/5.6இல் அவருக்கு 1/60 நொடி ஷட்டர்தான் கிடைத்தது. அவர் படங்களில் முகம் ஓரளவு நிற்கிறது, கை மட்டும் இழுபட்டுப் போயிருக்கிறது. நான் 50ஐ எஃப்/1.8இல் வைத்து, அதே ஐஎஸ்ஓவில் 1/500இல் எடுத்தேன். 5.6க்கும் 1.8க்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் இருக்கிறது. படத்தில் ஆள் சின்னதாகத்தான் தெரிந்தாள், மறுக்கவில்லை. ஆனால் 24 மெகாபிக்சல் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. 100 மி.மீ.யில் எடுத்தால் என்ன விழுமோ அதே அளவு காட்சிதான். பத்து அங்குல அகலத்துக்கு அச்சுப் போட அது தாராளம். சுழன்று திரும்பும் நொடியில் அவள் விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிகிற அந்தப் படத்தைத்தான் அக்கா மாட்டி வைத்திருக்கிறாள்.

பறவை எடுப்பவர்கள், விளையாட்டு எடுப்பவர்கள் உடனே கமெண்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு 250 கூடப் பத்தாது என்று எனக்கும் தெரியும். கேட்டவர் பறவை என்ற வார்த்தையையே எழுதவில்லை.

சரி, எதை வைத்துக்கொள்வது? உங்கள் பழைய படங்களைத் திறந்து, எந்த ஃபோகல் லெங்த்தில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் மொத்தப் படங்களையும் எண்ணினால் கணக்கு தப்பாக வரும். ஜூம் லென்ஸில் படங்கள் இரண்டு முனையிலும்தான் குவியும். 18இல் நிறைய இருப்பது, பையிலிருந்து எடுத்த நிலையிலேயே நீங்கள் அமுக்கியதால் இருக்கலாம். 55இல் நிறைய இருந்தால், இன்னும் கிட்டே போக நினைத்து வளையம் அங்கே முட்டி நின்றிருக்கலாம். அதனால் அச்சுப் போட்ட, பிறருக்குக் கொடுத்த, நீங்களே திரும்பத் திரும்பப் பார்க்கிற படங்களை மட்டும் எண்ணுங்கள். எனக்கு அப்படிப் பார்த்ததில் 100க்கு மேல் தேறியது மிகக் குறைவு. விற்கும் தைரியம் அதில்தான் வந்தது.

இடைவெளி என்பதும் மி.மீ. கணக்கில் பார்த்தால் ஏமாற்றும். 10க்கும் 18க்கும் எட்டு மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் பார்வைக் கோணம் 107 டிகிரியிலிருந்து 74க்கு இறங்கிவிடுகிறது. மேலே போகப் போக எட்டு மி.மீ. என்பது ஒன்றுமே இல்லை. 50க்கும் 70க்கும் நடுவில் ஓட்டை என்று புலம்புபவர்கள் நாலு எட்டு முன்னால் வைத்தால் போதும். சின்ன அறையில் சுவரில் முதுகு முட்டியவனுக்குத்தான் பின்னால் போக வழியில்லை.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நடனப் படத்தை உறவினர் ஒருவர் மெசேஜ் செயலியில் வாங்கி, அது சுருக்கித் தள்ளியதை இன்னொருவருக்கு அனுப்பி, அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "லென்ஸ் சரியில்லையோ தம்பி?" என்று என்னிடமே கேட்டார். அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

உங்கள் நான்கில் 50 கட்டாயம் இருக்கட்டும். வெறும் 160 கிராம்தான். 18-55 எல்லோருக்கும் பாடியோடு வருவது, விற்றால் பெரிதாக எதுவும் கிடைக்காது, அதையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டில், நீங்கள் எண்ணிய படங்களில் வராததை முதலில் விற்றுவிடுங்கள். வாங்க வருபவர் எப்படியும் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார். விளம்பரம் போடும் முன் நீங்களே ஒரு முறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.