பட்டினி கிடந்து காக்கும் வாசல்

ஐயா,
மாடியில் பத்துத் தொட்டியில் தக்காளி வைத்திருக்கிறேன். இலைகளில் கரும்புள்ளி விழுந்து சுற்றிலும் மஞ்சளாகிறது. பாக்டீரியா என்கிறார்கள். தினமும் சாயங்காலம் இலை நனைய நனையத் தண்ணீர் தெளிக்கிறேன், குறையவில்லை. பாவம், வாயில்லா ஜீவன், தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு என்ன தெரியும்? என்ன மருந்து அடிக்கலாம்? பாட்டுப் போட்டால் செடிக்கு நல்லதாமே?
மா., திருச்சி

அன்புள்ள மா.,

பாட்டை விடுங்கள். 'அதற்கு என்ன தெரியும்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

இலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொன்றுக்கும் உதடுபோல இரண்டு காப்புச் செல்கள். வெளிச்சத்தில் திறக்கும், இருட்டில் மூடும் என்று பள்ளியில் படித்ததோடு விட்டுவிட்டோம். பூஞ்சைகள் பல இலைத்தோலைத் துளைத்தே போய்விடும். பாக்டீரியாவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. காயம் வேண்டும், இல்லையென்றால் இந்த மாதிரித் துளை வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெலோட்டோ, ஷெங் யாங் ஹே குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸின் இலையில் தக்காளிப் புள்ளிநோய்ப் பாக்டீரியாவை விட்டார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலான துளைகள் மூடிக்கொண்டன. பாக்டீரியா நீந்த உதவுகிற, வால்போன்ற கசையிழையின் துணுக்கு ஒன்று போதும், காப்புச் செல் ஆளைக் கண்டுகொள்ளும். உள்ளே இருக்கிற பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும், செல் தொய்ந்து வாசல் அடைபடும். அடைத்தால் கரியமில வாயு வராது, சமையல் நின்றுவிடும். பட்டினி கிடந்து காவல் காக்கிறது அம்மா அது!

பாக்டீரியாவும் லேசுப்பட்டதில்லை. கொரோனாட்டின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது செடியின் சொந்த ஹார்மோன்போலவே இருப்பதால், மூடிய துளைகள் மூன்று நான்கு மணி நேரத்தில் மறுபடி திறந்துகொள்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், துளைகள் சரியாக மூடுவதே இல்லை. நீங்களோ பொழுது சாயும்போது குளிப்பாட்டி, ராத்திரி முழுக்க ஈரத்தில் நிறுத்துகிறீர்கள். தெறிக்கிற ஒவ்வொரு சொட்டும் நோயை அடுத்த இலைக்குக் கொண்டுபோகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

என் அம்மா நடவுக்கு முன்னால் நெல் நாற்றைக் கட்டுக் கட்டாகப் பிடித்து நுனியை அரிவாளால் சீவுவாள். குருத்துப்பூச்சி இலை நுனிப்பக்கம்தான் முட்டை வைக்கும், அதனால் அது அர்த்தமுள்ள வேலைதான். ஆனால் இலைக்கருகல் பாக்டீரியா அந்த வெட்டுக்காயம் வழியாகவும் நுழைந்துவிடும். ஒரு தாளடிப் போகத்தில் பயிர் நுனியிலிருந்து வைக்கோல் நிறமாகக் கருகிக்கொண்டு வந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் இரண்டு கை யூரியா வீசினாள். நோய்க்கு அது தீனியாகிவிட்டது. 'நான் என்னடா குறை வைச்சேன்' என்று வரப்பில் உட்கார்ந்து கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தபோது அவள் இல்லை. சில நாட்களாக அந்த வரப்பு நினைவாகவே இருந்தேன். உங்கள் கடிதத்தில் அதே குரல்.

மருந்து கேட்டிருந்தீர்கள் அல்லவா? என்ன நோய் என்று தெரியாமல் எதையும் அடிக்காதீர்கள். இலையைத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். புள்ளி விழுந்த இலைகளைச் செடி காய்ந்திருக்கும்போது கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் காலையில், வேர்ப்பக்கம் மட்டும். இன்று சாயங்காலம் அந்தக் குழாய்ப் பக்கமே போகாதீர்கள்.