காவிரிப் படுகையின் நாட்டு மீன்களை ஆராய விரும்பும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் 2 உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள் காவிரிப் படுகையில் அருகி வரும் நாட்டு மீன்களை ஆராய விரும்புவதாகவும், அதில் பிழைக்க வழியுண்டா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வழி உண்டு. ஆனால் மீன் பாதுகாப்புக்கென்றே உள்ள நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. ஆய்வுத் திட்டங்களில் கிடைக்கும் வேலையோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே மீன்வளத் துறையில் பல வேலைகளுக்கும் தகுதி தரும் பட்டத்தை முதலில் பெற்று, நாட்டு மீன்களை மேற்படிப்பில் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அந்தப் பட்டம் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு கல்லூரிகளில் அது கற்பிக்கப்படுகிறது. சேர்க்கை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நடப்பதால் நீட் தேர்வு இங்கே குறுக்கிடாது. மீன் படித்தால் மீன் கடைதானே என்று உறவினர் சிரிப்பார்கள்; டிஎன்பிஎஸ்சி வழியே மீன்துறை ஆய்வாளர் ஆனவர்களையும், வங்கிகளில் வேளாண் அலுவலர் ஆனவர்களையும் அவர்கள் பார்த்ததில்லை போலும். பிறகு முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.எஸ்சி.யை மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்திலும் படிக்கலாம். லக்னோவின் தேசிய மீன் மரபணு வளப் பணியகமும், பாரக்பூரின் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஆர்வத்துக்கு நேராகப் பொருந்துபவை. அங்கே விஞ்ஞானியாக முனைவர் பட்டம் வரை படிக்கும் பொறுமை வேண்டும்.

இனி வேலையின் தன்மையைச் சொல்கிறேன். கடலிலிருந்து முட்டையிடக் கொள்ளிடத்தில் ஏறி வந்த உல்லம் மீன், வரிசையாக எழுந்த அணைகளாலும் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குப் பின் மாறிய நீரோட்டத்தாலும் அருகிப்போனது. கருமுழிக் கெண்டையும் வெண்கெண்டையும் காவிரியின் நாட்டு மீன்கள். நாம் சந்தையில் வாங்கும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை, ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இனம். எது எங்கே, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்டறிய, விடியுமுன் வலைக்காரர்களோடு இடுப்பளவு நீரில் நிற்க வேண்டும்; பிறகு ஆய்வகத்தில் ஒரு கெண்டையின் உடற்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் கோட்டிலுள்ள செதில்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், ஏனெனில் ஓரிரண்டு செதில் வித்தியாசத்தில் இனமே மாறிவிடக்கூடும். மீன்தொட்டியைப் பார்த்துப் பிறந்த ஆர்வம் இந்த இடத்தில்தான் பலருக்கு வற்றிவிடுகிறது.

எனவே விண்ணப்பம் தொடங்குமுன், ஒரு ஞாயிறு அதிகாலையில் மகளைக் கொள்ளிடத்திலுள்ள அணைக்கரைக்கு அழைத்துச் சென்று, மீன்பிடிப்பவர்களிடம் ஒவ்வொரு மீனின் பெயரையும், அது எந்த மாதத்தில் சினைப்படும், முன்பு எவ்வளவு கிடைத்தது என்பதையும் மகளே கேட்டு எழுதும்படி சொல்லுங்கள். கவுச்சிக் கையோடு நிறைந்த குறிப்பேட்டைக் கொண்டுவந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். கைபேசியில் படங்கள் மட்டும் இருந்தால், அதற்கு முன் என்னிடம் ஒருமுறை அழைத்து வாருங்கள்.