பார்வையற்ற மகளைக் கல்லூரியில் சேர்க்கிறோம். வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

மகள் பிளஸ் டூ வரை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவள், இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேரப் போகிறாள், முதல் வருஷம் முழுக்க நீங்களும் கூடவே போய் வரலாம் என்றிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். போகாதீர்கள்.

எனக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. சிறப்புப் பள்ளி விடுதியில் வளர்ந்து, பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். முதல் வாரம் அம்மா கூடவே வந்து வகுப்பு வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் எல்லாரும் அம்மாவிடம்தான் கேட்டார்கள், "தம்பி சாப்பிட்டாச்சா" என்பது உட்பட. அம்மா ஊருக்குப் பஸ் ஏறிய அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் என் பெயரைக் கேட்டான்.

கூடப் போக வேண்டியது கல்லூரி திறப்பதற்கு முன்னால். வளாகம் காலியாக இருக்கும் நாளாகப் பார்த்து ஒரு முறை கைபிடித்துக் கூட்டிப் போங்கள். அப்புறம் அவள் வெண்கோலுடன் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பத்தடி பின்னால், வாய் திறக்காமல். என் வழி இப்படி: கேட்டிலிருந்து கேன்டீன் எண்ணெய் வாசனை வரும்வரை நேராக, இடது பக்கம் ஒரு சரிவு, சரிவு முடிகிற இடத்தில் குழாய் சொட்டுகிற சத்தம், அதற்கு நேர் எதிரே எங்கள் டிபார்ட்மென்ட். இரண்டாம் வருஷம் யாரோ புண்ணியவான் அந்தக் குழாயைச் சரிசெய்துவிட்டார். ஒரு வாரம் தடுமாறினேன்.

சான்றிதழ் விஷயம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று இருக்க வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும், தேதியைத் தவறவிடாதீர்கள்.

உண்மையான பாடு ஸ்க்ரைப்தான், நாம் சொல்லச் சொல்லத் தேர்வுத்தாளில் எழுதுபவர். பள்ளியில் தேர்வு எழுத ஆள் தானாக வந்து உட்காரும். கல்லூரியில் நாம் போய்க் கேட்டால்தான் வரும், எனக்கு அது தெரியாது. முதல் இன்டர்னல் தேர்வு அன்று டிபார்ட்மென்ட்டில் கேட்டால் ஆபீஸைக் கேள் என்றார்கள், ஆபீஸில் டிபார்ட்மென்ட்டைக் கேள் என்றார்கள். நாற்பது நிமிடம் கழித்து ஒரு மாணவரைப் பிடித்து அனுப்பினார்கள். நல்ல பையன், ஆனால் தமிழில் எழுதியே பல வருஷம் ஆகியிருந்தது. 'சோழர்' என்றேன், "எந்த ல அண்ணா?" என்றான். அந்தத் தாளில் சோழர்கள் என்ன ஆனார்களோ.

அதனால் சேர்ந்த முதல் வாரமே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம், தேர்வுப் பிரிவுக்கு ஒரு நகல், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. கடிதத்தை மகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் சொன்னது. நாமே ஸ்க்ரைப் கூட்டிப் போனால் அவர் படிப்பு ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருந்தது. இப்போது விதி என்ன, உங்கள் பல்கலைக்கழகம் எப்படி நடத்துகிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எழுத வருபவருக்குத் தேர்வுக்கு முந்தின வாரம் இரண்டு பக்கம் சொல்லி எழுத வைத்துப் பார்க்கட்டும். அவர் வராமல் போனால் கூப்பிட இன்னும் இரண்டு பேர் நம்பர் கையில் இருக்க வேண்டும்.

படிப்பதற்கு லேப்டாப்பில் என்விடிஏ போடுங்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் அது. இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் ஒரு சிக்கல்: சில ஆசிரியர்கள் நோட்ஸைப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், ஸ்கிரீன் ரீடருக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். முதல் தடவை கேட்டபோது லேப்டாப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஸ்கிரீன் ரீடர் வாசிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, இந்த லீவிலேயே பழகட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள், போன் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். வகுப்பில் ஒருவரிடம், அதை வாய்ஸ் மெசேஜாகவும் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் முறை கேட்கத்தான் கூச்சம்.

ஹாஸ்டலில் பாவம் பார்த்துத் தரைத்தளத்தில் தனி அறை தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். படியேற அவளுக்குக் கால் இருக்கிறது. வகுப்புத் தோழிகள் இருக்கும் மாடியே நல்லது.

பணத்தை அவளே கையாளப் பழக்குங்கள். நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் மணி செயலி 2020 முதல் இருக்கிறது. கடையில் கூட்டமாக இருக்கும்போது அதற்கெல்லாம் நேரம் இருக்காது. நான் இன்றும் ஐந்நூறை நாலாக மடிப்பேன், இருநூறை இரண்டாக. நூறை மடிப்பதே இல்லை.