அண்ணியின் தம்பி ஆடிட்டராக இருக்கலாமா?

கேள்வி: அப்பா தொடங்கிய பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். அண்ணன் எம்.டி., அவர் குடும்பத்திடம் 60 சதவீத ஷேர். எனக்கு 30, அம்மாவுக்கு 10. நானும் டைரக்டர். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணியின் தம்பியை ஆடிட்டராக்கி, ஃபீஸையும் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். கள்ளக் கணக்கு எழுதுகிறார்கள். வழக்குப் போடலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: முக்கியமானதை நீங்கள் எழுதவில்லை. அண்ணி டைரக்டரா? அவர் பெயரில் ஷேர் எவ்வளவு?

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 141-இன்படி, உறவினர் டைரக்டராக உள்ள கம்பெனிக்கு ஒருவர் ஆடிட்டராக முடியாது. உறவினரிடம் முகமதிப்பில் (ஷேரில் குறித்த விலையில்) ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் ஷேர் இருந்தாலும் முடியாது. சட்டத்தின் உறவினர் பட்டியலில் அக்கா உண்டு, அக்கா கணவர் கிடையாது. அதனால் அண்ணி டைரக்டர் என்றால் இந்த ஆடிட்டருக்குத் தகுதியே இல்லை. கம்பெனியில் அண்ணிக்கு எதுவுமே இல்லையென்றால், எம்.டி.யின் மச்சினன் என்பதற்காக மட்டும் ஆடிட்டரை விலக்க முடியாது.

ஃபீஸ், மரியாதை எல்லாம் வழக்காகாது. ஃபீஸைப் பொதுக்கூட்டம் தீர்மானிக்கிறது. அங்கே பெரும்பான்மை அவர்களுடையது. பதவிக்காலம் முடியும் முன் ஆடிட்டரை நீக்க 75 சதவீத ஓட்டும் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். உங்கள் 30 போதாது.

என் கவலை வேறு. பங்குதாரரை ஒடுக்குவது, நிர்வாகச் சீர்கேடு பற்றி பிரிவு 241-இல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் போக 10 சதவீத ஷேர் போதும்; நீங்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் கள்ளக் கணக்கு என்கிறீர்களே, அந்த பேலன்ஸ் ஷீட்டில் டைரக்டராக யார் கையெழுத்துப் போட்டது? நீங்களும் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். அண்ணனைச் சிக்கவைக்கப் போய், பிரிவு 447 மோசடிப் புகாரில் தாங்களும் பதில் சொல்ல நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பில் இல்லாத விற்பனை என்று மனுவில் நீங்களே எழுதினால் வருமான வரித்துறையும் அதைப் படிக்கும். இது தெரிந்து பேங்க் கம்பெனியின் கடன் லிமிட்டைக் குறைத்தால் தையல் கூலி கொடுக்கக்கூடப் பணம் இருக்காது. தீர்ப்பாயம் வெளி ஆடிட்டரைப் போட்டால் அந்தச் செலவு கம்பெனி தலையில் விழலாம். அதில் உங்கள் பங்கும் உண்டு.

இனி புரியாத கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஆட்சேபத்தை போர்டு கூட்டக் குறிப்பில் (மினிட்ஸ்) ஏற்றச் சொல்லுங்கள். அப்புறம், வெளிப்படையாகவே சொல்கிறேன்: ஷேரை அண்ணனுக்கே விற்றுவிட்டு வெளியே வாருங்கள். இருவரும் ஒப்புக்கொண்ட வெளி ஆடிட்டர் மூன்று வருடக் கணக்கைப் பார்க்கட்டும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் விலை சொல்லட்டும். கம்பெனிக் கடனுக்காக பேங்கில் நீங்கள் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தால், அதை விடுவித்த கடிதம் கைக்கு வரும்வரை ஷேர் மாற்றுப் படிவத்தைக் கொடுக்காதீர்கள்.